கப்பலுக்கு அடியில ஒரு ஓட்டை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

ஒரு படகு. அதோட அடிப்பக்கத்துல, தண்ணி மட்டத்துக்கு அரை மீட்டர் கீழ, 38 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு ஓட்டை. ஒரு சின்ன எலுமிச்சம்பழம் உள்ள போற அளவுதான். அது வழியா ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி உள்ள வரும்? ஃபர்ஸ்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கறவங்க போட்டுப் பாருங்க. ஓட்டையோட விளிம்புல ஏற்படற இழப்பையெல்லாம் கழிச்சாலும் நிமிஷத்துக்கு 120 லிட்டருக்கு மேல வருது. நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் வாட்டர் கேன் கணக்குல சொன்னா, நிமிஷத்துக்கு ஆறு கேன். பத்து நிமிஷத்துல அறுபது கேன்.

அந்த ஓட்டை தப்பா விழுந்த ஓட்டை இல்ல. படகு கட்டினவங்களே வேணும்னு போட்டது. அப்படி ஒரு படகுல அஞ்சாறு இருக்கும். இந்த எபிசோட் அந்த ஓட்டைகளோட வரலாறு பத்தினது. கடைசியில என்னைப் பத்தியும் ஒரு விஷயம் சொல்லணும். அது கொஞ்சம் சங்கடமான விஷயம், அதனால கடைசிக்குத் தள்ளி வெச்சிருக்கேன்.

கோதன்பர்க், அக்டோபர்

நான் ஒரு வருஷம் ஆன்சைட்ல ஸ்வீடன்ல இருந்தேன், கோதன்பர்க் ஊர்ல. என் டீம்ல ஒரு சீனியர், ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். அவர்கிட்ட ஒன்பது மீட்டர் நீளத்துல ஒரு பழைய பாய்மரப் படகு இருந்தது. பெரிய பணக்காரர் எல்லாம் இல்ல. அங்க நடுத்தரக் குடும்பத்துல படகு வெச்சிருக்கறது, நம்ம ஊர்ல பழைய கார் வெச்சிருக்கற மாதிரிதான். அக்டோபர்ல ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்: "நாளைக்கு படகைக் கரை ஏத்தறோம், உதவிக்கு வர்றியா? சாப்பாடு என் செலவு." போனேன்.

அந்த ஊர்ல குளிர்காலத்துல படகைத் தண்ணியில விட மாட்டாங்க. ஒரு கிரேன் வரும். வரிசையா ஒவ்வொரு படகா பட்டை கட்டித் தூக்கி, அடியில ஒட்டியிருக்கற பாசியை பிரஷர் பம்ப்ல கழுவி, மரக்கட்டையும் இரும்புச் சட்டமும் முட்டுக் கொடுத்து நிறுத்துவாங்க. ஏப்ரல் வரைக்கும் அங்கேயேதான்.

படகோட அடிவயித்தை நான் முதல் முறையா அப்பதான் பார்த்தேன். அங்கங்க வட்டமா ஓட்டை. "இது என்ன?"ன்னு கேட்டேன். ஒண்ணொண்ணா காட்டினார். இது இன்ஜின் குளிர்விக்கக் கடல்தண்ணி உள்ள வர்ற வழி. இது சமையல் சிங்க் தண்ணி வெளிய போற வழி. இது டாய்லெட்டுக்குத் தண்ணி வர்றது, இது டாய்லெட்ல இருந்து வெளிய போறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்பக்கம் ஒரு வால்வு, வால்வுல இருந்து ஒரு ரப்பர் குழாய். குழாய் கிழிஞ்சா வால்வை மூடணும். வால்வு மூட முடியலன்னா, அந்த ஆறு கேன் கணக்குதான்.

இந்த வால்வுக்கு ஆங்கிலத்துல சீகாக்னு பேரு. அது ஜாம் ஆனா, நம்ம அபார்ட்மென்ட் மொட்டை மாடி டேங்க் வால்வு மாதிரி பிளம்பரைக் கூப்பிட்டு மாத்திட முடியாது. ஏன்னா வெளிய இருக்கற டேங்க் கடல். அதைக் காலி பண்ண முடியாது. படகைத்தான் கடல்ல இருந்து வெளிய எடுக்கணும்.

அப்படி எடுக்காம, தண்ணியில இருக்கும்போதே சரி பண்ணப் பார்த்தா என்ன ஆகும்? அதுக்கு 1782-க்குப் போகணும்.

ராயல் ஜார்ஜ்

எச்.எம்.எஸ். ராயல் ஜார்ஜ். 100 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1756-ல் கடலில் இறக்கப்பட்டது. 1782 ஆகஸ்ட் மாதம் போர்ட்ஸ்மத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் நங்கூரமிட்டு நிற்கிறது. ஜிப்ரால்டர் முற்றுகையை உடைக்கப் போகவிருந்த கப்பற்படையில் இதுவும் ஒன்று. சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கிளம்பும் அவசரம்.

அப்போ ஒரு சின்ன ரிப்பேர் வருது. கப்பல் தளத்தைக் கழுவற பம்புக்குக் கடல்தண்ணி எடுக்கற வழி, வலப்பக்கம், தண்ணி மட்டத்துக்குச் சுமார் மூணு அடி கீழ. அதைச் சரி பண்ணணும். உலர்துறைக்குக் கொண்டுபோனா நாளாகும். அதனால அந்தக் காலத்துல வழக்கமா செய்யற ஒரு வேலையைச் செஞ்சாங்க: கப்பலைச் சாய்க்கறது.

ஆகஸ்ட் 29, காலை. இடப்பக்கப் பீரங்கிகளை வெளிப்பக்கமா முழுசா தள்ளினாங்க. வலப்பக்கப் பீரங்கிகளை உள்ள, நடுத்தளத்துக்கு இழுத்தாங்க. எடை மாறினதும் கப்பல் இடப்பக்கம் சாஞ்சது, வலப்பக்கம் மேல எழும்பினது, தண்ணி எடுக்கற வழி வெளிய தெரிஞ்சது. தச்சர்கள் வேலையை ஆரம்பிச்சாங்க.

பிரச்சனை என்னன்னா, ஒரு பக்கம் எழும்பினா இன்னொரு பக்கம் இறங்கும். இடப்பக்கக் கீழ்த்தளப் பீரங்கி வாசல்கள் தண்ணியை ஒட்டி வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து ரம் பீப்பாய்களோட ஒரு சின்னக் கப்பல், அந்தத் தாழ்ந்த பக்கத்துலயே வந்து அணைஞ்சது. பீப்பாய்களை அந்தப் பக்கமாவே உள்ள ஏத்தினாங்க. ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி உள்ள வந்தது.

தப்பிச்சவங்க சொன்ன விவரப்படி, கப்பலோட தச்சர் மேல ஓடி, பொறுப்புல இருந்த லெஃப்டினன்ட்கிட்ட கப்பலை நிமித்தச் சொல்லியிருக்கார். அவர் கேக்கல. தச்சர் மறுபடியும் போய்ச் சொன்னார். அப்பவும் அதட்டல்தான் கிடைச்சது. கடைசியில நிமித்தற உத்தரவு வந்தப்போ நேரம் கடந்துபோச்சு. சில நிமிஷத்துல கப்பல் கவிழ்ந்து மூழ்கிடுச்சு.

கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி வழியனுப்ப வந்த மனைவிகள், குழந்தைகள், சாமான் விக்க வந்தவங்க எல்லாரும் உள்ள இருந்தாங்க. மொத்தம் 1,200 பேர் அளவுல இருந்திருக்கலாம்னு கணிக்கறாங்க. இறந்தவங்க 800-க்கும் மேல. ரியர் அட்மிரல் ரிச்சர்ட் கெம்பன்ஃபெல்ட்டும் அதுல ஒருத்தர். கேப்டன் மார்ட்டின் வாக்ஹார்ன் உயிர் தப்பினார்.

ராணுவ விசாரணை நடந்தது. கப்பலோட மரம் உளுத்துப் போயிருந்தது, சட்டத்துல ஏதோ ஒரு முக்கியமான பகுதி உடைஞ்சிருக்கணும்னு முடிவு சொல்லி, எல்லாரையும் விடுவிச்சுட்டாங்க. அதிகாரிகள் மேல பழி விழாம இருக்கச் சொன்ன காரணமோன்னு பின்னாடி வந்த பல ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டாங்க. எது எப்படியோ, நான் கவனிச்சது ஒண்ணுதான். இது புயல்ல நடக்கல, போர்ல நடக்கல. துறைமுகத்துக்குப் பக்கத்துல, ஒரு தண்ணி எடுக்கற வழியை ரிப்பேர் பண்ணும்போது நடந்தது.

(ஒரு கொசுறுத் தகவல்: இந்தக் கப்பலோட சிதைவுல இருந்து பீரங்கி எடுக்க 1830-கள்ல டீன் சகோதரர்கள்னு ரெண்டு பேர் முக்குளிச்சாங்க. பக்கத்துல மீனவர்களோட வலை எதுலயோ மாட்டுது, பாருங்கன்னு கேட்டதால இறங்கிப் பார்த்தாங்க. 1836-ல அப்படிக் கிடைச்சதுதான் எட்டாம் ஹென்றியோட மேரி ரோஸ் கப்பல். அதுக்கு ஒரு தனி எபிசோடே போடலாம்.)

உலோகம் உலோகத்தைத் தின்னும்

கோதன்பர்க்குக்குத் திரும்புவோம். சீனியர் கையில ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது. ஒவ்வொரு வால்வையும் லேசா தட்டினார், காதைக் கிட்ட வெச்சு. "கணீர்"னு கேட்டா சரி. "டொக்"னு கேட்டா சந்தேகம். அப்புறம் ஒரு கத்தி முனையால சுரண்டிப் பார்த்தார். மஞ்சளா மின்னினா நல்லது. இளஞ்சிவப்பா தெரிஞ்சா ஆபத்து.

ஏன் அப்படி? இங்கேயும் ஒரு பழைய கதை இருக்கு.

மரக்கப்பலோட அடிப்பாகத்தைப் புழு துளைக்கும், பாசி பிடிக்கும். அதைத் தடுக்க 1761-ல எச்.எம்.எஸ். அலாரம்ங்கற கப்பலோட அடியில செம்புத் தகடு அடிச்சு, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிப் பார்த்தாங்க. புழு பிரச்சனை தீர்ந்தது. ஆனா திரும்பி வந்தப்போ பார்த்தா, செம்பு நல்லாயிருக்கு, அதைத் தொட்டுக்கிட்டு இருந்த இரும்பு ஆணிகள் பல அரிச்சுப் போயிருக்கு. சில இடத்துல மட்டும் ஆணி தப்பிச்சிருந்தது. அங்க என்ன வித்தியாசம்? செம்புத் தகட்டைச் சுத்தி வந்த பழுப்புக் காகிதம் நடுவுல ஒட்டிக்கிட்டே இருந்திருக்கு. அவ்வளவுதான். உப்புத்தண்ணியில ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டா அது ஒரு பேட்டரி. அதுல ஒண்ணு கரையும். இவ்வளவும் பேட்டரியைக் கண்டுபிடிக்கறதுக்கு நாப்பது வருஷம் முன்னாடி.

1824-ல ஹம்ஃப்ரி டேவி இதையே தலைகீழா பயன்படுத்தினார். செம்பு அரிக்காம இருக்க, அதோட சின்னத் துண்டு துத்தநாகமோ இரும்போ சேர்த்து வெச்சா, அது முதல்ல கரையும், செம்பு தப்பிக்கும். வேதியியல்படி அபார வெற்றி. ஆனா செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சதாலதான் பாசியும் சிப்பியும் ஒட்டாம இருந்திருக்கு. கரையறது நின்னதும் அடியில தோட்டமே வளர்ந்துடுச்சு. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒரு பக்கை சரி பண்ணப் போய், இன்னொரு ஃபீச்சரை உடைச்ச கதை. ஆனா இன்னைக்கும் ஒவ்வொரு படகுலயும் தொங்கற துத்தநாகத் துண்டு டேவியோட யோசனைதான்.

இப்போ வால்வுக்கு வாங்க. பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்தண்ணியில துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைஞ்சு போயிடும். மிச்சம் இருக்கறது பஞ்சு மாதிரி செம்பு, இளஞ்சிவப்பு நிறத்துல. வெளிய இருந்து பார்த்தா வால்வு அதே வடிவத்துலதான் இருக்கும். பலம் மட்டும் இருக்காது. பிஸ்கட் மாதிரி உடையும். வெண்கலத்துக்கு இந்தப் பிரச்சனை பெருசா இல்ல. ஆனா விலை அதிகம். ஐ.எஸ்.ஓ. 9093-ங்கற தரநிலை இந்த ஃபிட்டிங்குகளுக்கு "அரிப்பைத் தாங்கும்"னா என்ன அர்த்தம்னு சொல்லும்போது, அஞ்சு வருஷம் குறை வராம இருக்கணும்னு வரையறுத்தது. படகு முப்பது நாப்பது வருஷம் ஓடும். அந்த இடைவெளியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

குளிர் என்ன செய்யும்

அடுத்து அவர் செஞ்சது எனக்கு ஆச்சரியமா இருந்தது. எல்லா வால்வையும் திறந்து விட்டார். நான் மூடி வைக்கணும்னு நினைச்சேன்.

இப்போ அதிகம் இருக்கறது பால் வால்வு. உள்ள ஒரு உருண்டை, உருண்டைக்குள்ள ஒரு துளை. கைப்பிடியைத் திருப்பினா துளை குறுக்க திரும்பி வழி அடைபடும். ஆனா மூடும்போது அந்தத் துளைக்குள்ளயும், உருண்டையைச் சுத்தியும் கொஞ்சம் தண்ணி மாட்டிக்கும். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருகும். போக இடம் இல்லாத தண்ணி வால்வோட உடம்பையே பிளக்கும். தலைமுடி அளவு விரிசல். ஏப்ரல்ல படகைத் தண்ணியில இறக்கும்போதுதான் தெரியும்.

அதனால கரையில இருக்கும்போது திறந்து வடிய விடணும், சில தடவை திருப்பி மாட்டின தண்ணியை வெளியேத்தணும், பாதி திறந்த நிலையில விடணும். தண்ணியிலேயே குளிர்காலம் கழிக்கற படகுன்னா நேர் எதிர்: மூடி வைக்கணும். ஒரே வால்வு, ஒரே குளிர்காலம், எங்க நிக்குதுங்கறதைப் பொறுத்து விதி தலைகீழ்.

அவர் படகுல ஒண்ணு மட்டும் பழைய மாதிரி, கூம்பு வால்வு. கூம்பு வடிவ வெண்கலக் கட்டை, அதே வடிவக் கூட்டுக்குள்ள உக்காந்திருக்கும். அதைக் கழட்டி, துடைச்சு, தேய்க்கற பசை தடவி கூட்டுக்குள்ளயே இப்படியும் அப்படியும் சுழற்றி வழவழன்னு ஆக்கி, பசையைச் சுத்தமா துடைச்சு, தண்ணியில கரையாத கிரீஸ் பூசி மறுபடி மாட்டினோம். அரை மணி நேரம் ஆச்சு. கரையில இருந்தா மட்டும்தான் இதைச் செய்ய முடியும்.

நல்லா கிரீஸ் போட்ட வால்வுகளுக்கு வரலாற்றுல ஒரு விசித்திரமான உதாரணம் இருக்கு. முதல் உலகப்போர் முடிஞ்சு ஜெர்மன் கடற்படை ஸ்காட்லாந்து பக்கம் ஸ்காப்பா ஃப்ளோவுல சிறை வைக்கப்பட்டிருந்தது. 1919 ஜூன் 21 அன்னைக்கு, கப்பல்கள் எதிரி கைக்குப் போகக்கூடாதுன்னு அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் எல்லாத்தையும் மூழ்கடிக்கச் சொன்னார். வால்வைத் திறந்து விட்டாங்க. 74 கப்பல்கள்ல 52 மூழ்கிச்சு. திறக்கும்போது ஒண்ணும் மாட்டிக்கக்கூடாதுன்னு முன்னாடியே வால்வுகளுக்கு எண்ணெய் போட்டுத் தயார் பண்ணி வெச்சிருந்தாங்களாம். மூழ்கறதுக்குக்கூட பராமரிப்பு வேணும்.

தீட்டிஸ்

இன்னொரு கப்பல். இதைச் சொல்லாம என் கதைக்கு வர முடியாது.

1939 ஜூன் 1. லிவர்பூல் விரிகுடா. எச்.எம்.எஸ். தீட்டிஸ் என்ற புத்தம்புது நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்துக்குப் போகிறது. மாலுமிகளோடு, கட்டிய நிறுவனத்தின் ஆட்களும் சேர்த்து உள்ளே 103 பேர்.

கப்பல் சரியா மூழ்க மாட்டேங்குது, எடை பத்தல. முன்பக்க டார்பிடோ குழாய்கள்ல தண்ணி நிரம்பியிருக்கான்னு பார்க்கணும். ஒவ்வொரு குழாயோட பின்கதவுலயும் ஒரு சின்னச் சோதனைக் குழாய் உண்டு. லீவரைத் திருப்பினா, உள்ள தண்ணி இருந்தா அது வழியா பீச்சும். அஞ்சாம் நம்பர் குழாயில திருப்பினாங்க. தண்ணி வரல. அப்போ காலி. கதவைத் திறக்கலாம்.

காலி இல்ல. குழாயோட வெளிமூடி கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. சோதனை ஓட்டையை அடைச்சிருந்தது பெயின்ட். உள்பக்கம் பூச்சு அடிச்சப்போ அந்தத் துளைக்குள்ள எனாமல் போய்க் காய்ஞ்சிடுச்சு. யாரும் குத்தி விடல. அதைக் குத்தி விடறதுக்குன்னே ஒரு சின்னக் கம்பியும் அங்க இருந்தது. கதவைத் திறந்ததும் கடல் உள்ள வந்தது. கப்பலோட மூக்கு அடியில போய்க் குத்தி நின்னது, பின்பக்கம் தண்ணிக்கு மேல தெரிஞ்சது. தப்பிச்சவங்க 4 பேர். இறந்தவங்க 99 பேர்.

அந்தச் சோதனைக் குழாய் பொய் சொல்லல. அது எதுவுமே சொல்லல. "தண்ணி வரல"ங்கறதை "தண்ணி இல்ல"ன்னு எடுத்துக்கிட்டாங்க.

இப்போ என் விஷயம்

அந்த சனிக்கிழமைக்கு ஏழெட்டு மாசம் முன்னாடி, வேற ஒரு கம்பெனியில வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். டேட்டாபேஸ் பேக்கப் என் பொறுப்பு. தினமும் ராத்திரி ஓடும், காலையில டாஷ்போர்டுல பச்சை விளக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த பேக்கப்பைத் திருப்பி ஏத்திப் பார்க்கணும்னு செக்லிஸ்ட்ல ஒரு வரி. நான் ரெண்டு தடவை டிக் போட்டேன். செய்யல. பச்சை விளக்கு எரியுதே, அப்புறம் என்ன.

ஒரு நாள் உண்மையிலேயே தேவைப்பட்டது. ஃபைல் இருந்தது, திறக்க முடியல. நடுவுல என்க்ரிப்ஷன் கீயை மாத்தியிருக்காங்க. பழைய கீ எங்கேயும் இல்ல. பதினொரு நாள் டேட்டா போச்சு. சின்னச் சின்னக் கடைக்காரங்களோட கணக்கு அது. அவங்க கையால மறுபடி எழுதினாங்க. "பிராசஸ் ஃபெயிலியர்"னு ரிப்போர்ட் போட்டாங்க, என்மேல எதுவும் வரல. ராயல் ஜார்ஜ் விசாரணை மாதிரி: மரம் உளுத்துப்போச்சு, யாரும் காரணம் இல்ல. ஆனா டிக் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும்.

சரி, படகு. கடைசி வால்வு டாய்லெட் பக்கம், ஒரு பலகைக்குப் பின்னாடி. "அது போன வருஷம் நல்லாத்தான் இருந்தது. நீதான் ஒல்லி, தலையை விட்டுப் பாரு"ன்னார். உள்ள போய் டார்ச் அடிச்சேன். கைப்பிடி நகரல. சுத்தியலால தட்டினேன், "டொக்"னுச்சு. கத்தியால சுரண்டினேன். இளஞ்சிவப்பு.

ஒரு நோட்டு வெச்சிருந்தார், ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வரி. பக்கத்தைப் புரட்டினார். அந்த வால்வுக்கு மூணு வருஷமா "சரி"ன்னு எழுதியிருந்தது, அவரோட கையெழுத்துலயே. அப்புறம் சொன்னார்: "இந்தப் பலகையை நான் மூணு வருஷமா கழட்டல." அவர் ரெண்டு பொண்ணுங்களும் ஜூலை முழுக்க அந்தப் படகுலதான் தூங்குவாங்க. பலகைக்கு மறுபக்கம் சின்னவளோட படுக்கை.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் நான் என் பதினொரு நாள் கதையை அவர்கிட்ட சொன்னேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. அவர் ஆறுதல் எதுவும் சொல்லல. நோட்டுல அந்த மூணு "சரி"யையும் அடிச்சுட்டு, மேல "பார்க்கல"ன்னு எழுதினார். ஸ்பேனரை எடுத்து என் கையில கொடுத்தார்.

அந்தக் குளிர்காலத்துல எல்லா வால்வையும் வெண்கலத்துல மாத்தினார். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு மர ஆப்பு, கயிறு கட்டித் தொங்க விட்டார், உடைஞ்சா அடிச்சு இறுக்க. ஏப்ரல்ல கிரேன் படகை இறக்கினப்போ பட்டையை உடனே விடச் சொல்லல. தண்ணியில மிதக்க விட்டு, உள்ள இறங்கி ஒவ்வொரு வால்வையும் கையால தடவிப் பார்த்தார். ஈரம் இல்ல. அப்புறம்தான் கிரேன்காரருக்குக் கை காட்டினார்.

இப்போ நான் ஒவ்வொரு மாசமும் முதல் திங்கட்கிழமை பேக்கப்பைத் திருப்பி ஏத்திப் பார்க்கறேன். நாப்பது நிமிஷம் ஆகும், போர் அடிக்கும். செய்யாத மாசம் "பார்க்கல"ன்னு எழுதறேன். இதுவரைக்கும் அப்படி ரெண்டு தடவை எழுதியிருக்கேன்.

இந்த எபிசோட் கேட்டு முடிச்சதும் உங்க வீட்டு மெயின் வால்வை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. திரும்பலன்னா எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திக்கலாம்.